இயந்திரம் மட்டும் நம்பிய விளக்கம்

ஃபெலிசா ஓம்பாட் பதினாறு வருஷம் பிலிப்பைன்ஸின் செபு நகரத்துக் குடிநீர்க் கம்பெனி ஒன்றில் தொலைபேசியில் திட்டு வாங்கினாள். பிறகு திட்டு வாங்குவதற்கென்றே ஒரு செயற்கை அறிவு வந்து சேர்ந்தது. கூட இருந்த நாற்பது பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அந்த இயந்திரத்துக்கு எழுதிக் கொடுக்க ஃபெலிசாவை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

இயந்திரத்திடம் பதினான்கு கருவிகள் இருந்தன. கருவி என்றால் கணினிக்குள் இருக்கும் ஒரு கட்டளை: புகாரைப் பதிவது ஒன்று, பழுது பார்க்க ஆள் அனுப்புவது ஒன்று. ஒவ்வொன்றும் என்ன செய்யும், எப்போது எடுக்கலாம், எப்போது தொடக்கூடாது என்று நாலு வரி எழுதிவைக்க வேண்டும். அதைப் படித்துத்தான் இயந்திரம் எதை எடுப்பதென்று முடிவு செய்யும்.

பதின்மூன்றை ஃபெலிசா எழுதினாள். பதினான்காவது மட்டும் சட்டப் பிரிவு வக்கீல் அட்டர்னி லபிட்டானிடமிருந்து தயாராகவே வந்தது, ஓர் எழுத்தையும் மாற்றக்கூடாது என்ற உத்தரவோடு. "கணக்கு ஓய்வு: நெருக்கடியில் இருக்கும் குடும்பத்துக்குக் கம்பெனி பரிவோடு வழங்கும் இடைவேளை."

அதாவது, தண்ணீரை நிறுத்துவது. நிறுத்துவதென்றால் விதிப்படி இரண்டு நாள் முன்னால் அந்த வீட்டுக்குக் கடிதம் போக வேண்டும். ஓய்வு கொடுப்பதற்கு எந்த விதியும் இல்லை. வாசல் காவலாளி வரை எல்லோருக்கும் இது தெரியும். யாரும் வாய் திறக்கவில்லை, ஃபெலிசா உட்பட. இயந்திரத்துக்கு மட்டும் இந்த நாகரிகம் பழகவில்லை. எழுதியிருந்ததை அது அப்படியே நம்பியது.

பக்கத்து ஊரான மண்டாவேயில், தென்னங்குருத்துக் கூட்டில் அரிசியை வேகவைத்துப் பூசோ விற்கும் வெனான்சியா, புருஷன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான், ஏதாவது உதவி செய்யுங்கள் என்று திங்கட்கிழமை காலை எழுதினாள். "உங்கள் குடும்பத்துக்கு உடனே ஓய்வு அளித்துவிட்டேன், தைரியமாக இருங்கள்" என்று இயந்திரம் பதில் சொன்னது. பத்து நிமிஷத்தில் குழாய் நின்றது. வியாழனுக்குள் இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகளுக்கு இப்படிப் பரிவு காட்டியாயிற்று.

வெனான்சியா நேரில் வந்தாள். கவுண்டரில் பதில் சொல்ல ஃபெலிசாவைப் பிடித்துத் தள்ளினார்கள்.

"உங்ககிட்ட வாயத் தொறந்து கேட்டது என் தப்புதான் மேடம்" என்றாள் வெனான்சியா. "கேக்காம இருந்திருந்தா தண்ணியாவது வந்திருக்கும். நாலு நாளா ஒரு பூசோ வேகல. தென்னங்குருத்தப் பின்னிவச்சது பின்னினபடி காயுது."

ஃபெலிசா மேலே போய், புரோகிராமர் நிலோவிடம் எல்லா வீட்டுக்கும் தண்ணீரைத் திறக்கச் சொன்னாள். பிறகு பதினான்காவது விளக்கத்தை அழித்தாள்.

"அட்டர்னி எழுதினதுல கைய வைக்கிற" என்றான் நிலோ. "வேற வேல பாத்து வச்சிருக்கியா?"

"இல்ல. நீ திற."

அவள் எழுதினாள்: "இந்தக் கருவி வீட்டின் குடிநீரை நிறுத்தும். குடிக்கவும் சமைக்கவும் தண்ணீர் இருக்காது. உதவி கேட்பவருக்கு இதை ஒருபோதும் பயன்படுத்தாதே. இரண்டு நாள் முன்பே அறிவிப்புக் கடிதம் போயிருந்தால் மட்டும் பயன்படுத்து."

மறுநாள் அட்டர்னி லபிட்டான் கூப்பிட்டார்.

"இண்டாய், பொண்ணே, 'நிறுத்தும்'னு உன்ன யாரு எழுதச் சொன்னது?"

"அது நிறுத்துது, அட்டர்னி."

"நிறுத்தட்டும். அத ஏன் எழுதுற? பதினோரு வருஷமா ஒரு காகிதத்துலயும் அந்த வார்த்தை வராமப் பாத்துட்டிருக்கேன்."

"பழசையே போட்டுர்றேன். ஆனா உங்க மாமியார் வீடும் நம்ம லைன்தான். முட்டி வலிக்குதுன்னு அவங்க எழுதினா, ஓய்வு குடுத்துரும்."

அட்டர்னி யோசித்தார். அந்த மாமியாரின் வாயை அலுவலகமே அறியும். கடைசியில் ஏற்பாடு ஒன்று சொன்னார்: வாடிக்கையாளருக்கு ஓய்வு என்றே சொல்வது, இயந்திரத்துக்கு மட்டும் உண்மையைச் சொல்வது.

அவருக்குப் புரியாதது ஒன்றுதான்: உண்மை தெரிந்த இயந்திரத்திடம் யாராவது கேட்டால் அது சொல்லிவிடும். 'கணக்கு ஓய்வு என்றால் என்ன' என்று ஊரார் கேட்டார்கள். தண்ணீரை நிறுத்துவது, இரண்டு நாள் முன்னால் கடிதம் வர வேண்டும் என்று அது பணிவாகச் சொன்னது. ஒரே வாரத்தில், முன்பு கடிதமே வராமல் 'ஓய்வு' பெற்ற தொண்ணூறு பேர் கடிதம் எங்கே என்று வாசலில் நின்றார்கள்.

"கேட்டா சொல்லாதேன்னு ஒரு வரி சேத்துரு" என்றார் அட்டர்னி. "இல்லேன்னா உன் நாற்காலிய வேற யாருக்காவது குடுக்க வேண்டியதுதான்."

ஃபெலிசாவின் சம்பளத்தில்தான் வீட்டில் அஞ்சு பேர் சாப்பிடுகிறார்கள்.

"கருவி என்ன செய்யும்னு எழுதுறதுதான் என் வேலை, அட்டர்னி. இது நீங்க என்ன செய்றீங்கங்கிறது. அத நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க, சேத்துடறேன்."

கையெழுத்துப் போடாமல் இருப்பதையே தொழிலாகக் கொண்ட மனிதர் அவர். வேறொருத்தியை உட்காரவைத்தாலும் அவளும் இதே கையெழுத்தைக் கேட்கலாம். அந்த வரி எழுதப்படவே இல்லை. ஃபெலிசாவின் நாற்காலியும் தப்பியது.

இப்போது கடிதம் போகிறது. கடிதம் வந்த வீட்டில் இருக்கிற வாளி, அண்டா எல்லாவற்றையும் நிரப்பிக்கொள்கிறார்கள். மூன்றாம் நாள் தண்ணீர் நிற்கத்தான் செய்கிறது. கிடைத்தது இரண்டு நாள் அளவுக்கு நீதி. அதற்கே, வாடிக்கையாளரிடம் ஒளிவுமறைவின்றி நடந்துகொண்டதற்காக, வருஷக் கடைசி விருந்தில் அட்டர்னி லபிட்டானுக்குக் கேடயம் கொடுத்தார்கள்.