மதகின் நடுவில் ஓடிய கோடு

மதகில் கதவுகள் நான்கு. ஜெகதீஸ்வரியிடம் இருந்தது இரண்டு கதவுகளின் சாவி மட்டும்தான்.

பினாங்கின் பெருநிலப் பக்கத்தில், பத்து காவானுக்குச் சற்று வடக்கே, சுங்கை பாசோங் என்ற சிற்றாறு கடலில் விழும் இடத்தில் அந்த மதகு நிற்கிறது. கடல் ஏறும்போது கதவுகளை இறக்க வேண்டும், உப்புத் தண்ணீர் உள்ளே வராமல் இருக்க. கடல் இறங்கியதும் ஏற்ற வேண்டும், ஆற்றுத் தண்ணீர் வெளியே போக. பதினோரு வருஷமாக ஜெகதீஸ்வரிக்கு இதுதான் வேலை. அதற்கு முன் புக்கிட் தெங்கா தொழிற்சாலை ஒன்றில் இருபத்தோரு வருஷம் மின்பலகைகளில் சின்னச் சின்னப் பாகங்களைப் பொருத்தினாள். தொழிற்சாலை வேறு நாட்டுக்குப் போனபோது அவளுக்கு வயது முப்பத்தொன்பது. நாலு வருஷம் ஒரு கேண்டீனில் சமைத்துப் பார்த்தாள். மதகு வேலைக்கு ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் போய் நின்றாள். பொம்பளை எப்படிச் செய்வாள் என்று கேட்டவர்கள் முன்னால், கைச்சக்கரத்தைப் பிடித்து ஒரு கதவை முழுக்க ஏற்றிக் காட்டினாளாம். வேலை கிடைத்தது.

இரண்டு சாவி மட்டும் ஏன் என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. பினாங்கு என்றால் முதலில் தீவு மட்டும்தான். பிறகு எதிர்க்கரையில் நீளமாக ஒரு துண்டு நிலம் அதோடு சேர்ந்தது. அந்தத் துண்டு வளர வளர, ஒரே இடத்திலிருந்து ஆள முடியாமல் வடக்கு, மத்தி, தெற்கு என்று மூன்றாகப் பிரித்தார்கள். தீவையும் இரண்டாக்கினார்கள். அப்படித்தான் மாநிலத்துக்கு ஐந்து மாவட்டங்கள் வந்தன. கோடு போட்டவர்களுக்கு ஆறு கைகொடுத்தது. ஆற்றைக் காட்டி, இந்தக் கரை உனக்கு, அந்தக் கரை எனக்கு என்று சொல்லிவிடலாம். சுங்கை பாசோங்கும் அப்படி ஒரு கோடு என்றுதான் எல்லாரும் நம்பினார்கள். வடகரை மத்திய மாவட்டம், தென்கரை தென் மாவட்டம். மதகு கட்டியபோது கோடு அதன் நடுவில் ஓடுவதாக வைத்துக்கொண்டு, தெற்குக் கதவுகள் இரண்டை ஒரு குத்தகைக்காரரிடமும் வடக்குக் கதவுகள் இரண்டை இன்னொருவரிடமும் கொடுத்தார்கள். வடக்குப் பக்கத்து ஆள் ஒரு மோட்டார் சைக்கிளில் வருவார், ஏற்றுவார், போவார். அவரும் ஜெகதீஸ்வரியும் தலையசைத்துக்கொள்வதோடு சரி.

போன வருஷம் தீபாவளிக்கு ஐந்து நாள் இருந்தபோது, இரண்டு நாளாகப் பெய்த மழை மூன்றாம் நாள் காலையிலும் விடவில்லை. கடல் ஏற்றம் வேறு. பத்து மணிக்கே கதவுகளை இறக்கிவிட்டு, வடக்குப் பக்கத்து ஆளும் சங்கிலியைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு மேலே எங்கோ சாலை மூழ்கியது. அவரால் திரும்பி வர முடியவில்லை. போனும் எடுக்கவில்லை.

ஒரு மணிக்கு உள்பக்க அளவுகோல் ஒன்று புள்ளி ஒன்பது மீட்டர் காட்டியது. வெளிப்பக்கம் இரண்டு புள்ளி மூன்று. ஆறு கறுத்துச் சுழன்று மதகின் முதுகில் மோதிக்கொண்டிருந்தது. தென்கரையில் அறுபது வீடுகள் கொண்ட ஒரு சின்னக் குடியிருப்பு, தாமான் என்பார்கள், இருக்கிறது. அங்கிருந்து ஆட்கள் குடையும் இல்லாமல் ஓடி வந்தார்கள். கதவைத் திறக்கச் சொல்லிக் கூட்டம் நெருக்கியது.

ஜெகதீஸ்வரி தன் கதவுகளை இயக்கும் மின்பெட்டியின் முன்னால் போய் நின்றுகொண்டாள்.

“கடல் இன்னும் மேல நிக்குது. இப்ப தொறந்தா ஆத்துத் தண்ணி வெளிய போகாது, கடல்தான் உள்ள வரும். நான் சொல்ற வரைக்கும் யாரும் கை வைக்காதீங்க.”

கூட்டத்தில் ஒருவர், உன் வீட்டில் தண்ணீர் வந்திருந்தால் இப்படிப் பேசுவாயா என்று கேட்டார். அவள் வீடும் அந்தத் தாமானில்தான் இருந்தது, மூன்றாவது வரிசையில். உள்ளே அவள் கணவர் அய்யாக்கண்ணு தனியாக இருந்தார். சர்க்கரை வியாதியில் வலது காலை முட்டிக்குக் கீழே எடுத்து இரண்டு வருஷமாகிறது.

போன் அடித்தது. அய்யாக்கண்ணுதான். தண்ணீர் கட்டில் காலைத் தொட்டுவிட்டது என்றார். ஏதோ கடைக்குப் போய் வந்ததைச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார். வருகிறேன் என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் குறுக்கே புகுந்தார்.

“நீ வந்து என்ன பண்ணப் போற? என்னைத் தூக்குவியா? மதகுல நில்லு.”

போனை வைத்துவிட்டு வீடு இருக்கும் பக்கம் பார்த்தாள். நானூறு மீட்டர் தூரம். ஓடினால் ஐந்து நிமிஷம், இந்தத் தண்ணீரில் பதினைந்து. ஆனால் அவள் நகர்ந்த கணத்தில் யாராவது பெட்டியைத் திறந்துவிடுவார்கள். திறந்தால் அறுபது வீட்டுக்கும் கடல் வரும். அவள் வெளி அளவுகோலைப் பார்த்தாள். இரண்டு புள்ளி இரண்டு. இறங்க ஆரம்பித்துவிட்டது, ஆனால் நத்தை வேகத்தில்.

அப்போதுதான் ஹைதர் வந்தார். வடகரையில் லோரி பட்டறை வைத்திருப்பவர். அவர் பட்டறைக்குள்ளும் முழங்கால் அளவு தண்ணீர். பெரிய லோரி ஒன்றை மதகுப் பாலம் தாண்டிக் கொண்டுவந்து தென்கரைமேல் ஏற்றி நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். ஜெகதீஸ்வரி வீட்டுச் சாவியை அவர் கையில் வைத்தாள்.

“அண்ணே, மூணாவது வரிசை, கடைசி வீடு. அவரு ஒத்தைக் கால். தூக்கித்தான் வரணும்.”

ஹைதர் பட்டறை ஆட்கள் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு போனார்.

இரண்டு மணி முப்பதுக்கு உள்ளேயும் வெளியேயும் ஒரே அளவு வந்தது. அவள் இன்னும் பத்து நிமிஷம் பொறுத்தாள். அந்தப் பத்து நிமிஷத்தில் கூட்டம் பேசியது எதையும் அவள் பிறகு யாரிடமும் சொன்னதில்லை. வெளி அளவு ஒரு விரல்கடை கீழே போனதும் ஜெனரேட்டரை முடுக்கி, தன் இரண்டு கதவுகளையும் ஏற்றினாள். தண்ணீர் இரைந்துகொண்டு கடலுக்குள் பாய்ந்தது. கூட்டத்தில் சிலர் கை தட்டினார்கள்.

அவள் உள் அளவுகோலைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கால் மணி நேரம் கழிந்தும் அது இறங்கவில்லை. இரண்டு விரல் ஏறியிருந்தது. இரண்டு கதவு வழியாகப் போவதைவிட மேலேயிருந்து வருவது அதிகம்.

வடக்குக் கதவுகளின் கைச்சக்கரங்களில் சங்கிலி சுற்றிப் பூட்டியிருந்தது. அவள் தன் குத்தகை நிறுவனத்தின் மேற்பார்வையாளர் தயாளனை அழைத்தாள். நல்ல பிள்ளைதான், ஆனால் எதற்கும் காகிதம் வேண்டும் அவனுக்கு.

“அக்கா, அந்தப் பக்கம் நம்ம டிஸ்ட்ரிக் இல்ல லா. மூணாம் நம்பர் கதவைத் தூக்குற திருகு வளைஞ்சிருக்குன்னு அவங்களே ரிப்போர்ட் எழுதியிருக்காங்க. ஏத்திட்டு எறங்கலன்னா அடுத்த ஏத்தத்துக்குக் கடல் உள்ள வந்துடும். அப்ப உங்க பேருதான் வரும்.”

“வரட்டும்,” என்று சொல்லி அவள் போனை வைத்தாள்.

ஆனால் அவன் சொன்னது பொய்யில்லை. திருகு வளைந்திருப்பதை அவளே பார்த்திருக்கிறாள். ஏற்றிய கதவு சிக்கிக்கொண்டால், இப்போது காப்பாற்றிய வீடுகளை ராத்திரி கடல் எடுத்துக்கொள்ளும். சங்கிலியைக் கையில் பிடித்தபடி சற்று நேரம் நின்றாள். அந்தச் சமயம் ஹைதரின் லோரி திரும்பி வந்தது. முன் இருக்கையில் அய்யாக்கண்ணு, கழுத்துவரை ஈரமாக, மருந்துப் பையை மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் அவரைப் பார்த்தாள். கிட்டே போகவில்லை. ஹைதரிடம் இரும்பு வெட்டும் பெரிய கத்திரி இருக்கிறதா என்று கேட்டாள்.

சங்கிலியை அவளேதான் வெட்டினாள். வேறு யாரும் வெட்டினால் அவர்கள் மேல் பழி விழும் என்று ஹைதரை விலகி நிற்கச் சொன்னாள். நாலாம் நம்பரை ஆறு பேர் மாறி மாறிச் சுற்றினார்கள். மூன்றாம் நம்பரைப் பாதிக்கு மேல் ஏற்ற அவள் விடவில்லை. நாலே கால் மணிக்கு உள் அளவு ஒரு விரல் இறங்கியது. ஐந்து மணிக்கு ஒரு சாண்.

அடுத்த ஏற்றத்துக்குக் கதவுகளை இறக்கியபோது மூன்றாம் நம்பர் பயந்ததுபோலவே ஒரு கை அகலத்துக்கு மூடாமல் நின்றுவிட்டது. மணல் மூட்டைகளை இறக்கி அடைத்தார்கள். கொஞ்சம் உப்புத் தண்ணீர் வந்தது. தென்கரையில் ஒருவருடைய மீன் குளம் கெட்டுப் போனது. அவர் இன்றைக்கும் அவளோடு பேசுவதில்லை.

தீபாவளி முடிந்த வாரத்தில் அவள் குத்தகை நிறுவனத்திடமிருந்து காரணம் கேட்டுக் கடிதம் வந்தது. இன்னொரு மாவட்டத்தின் பூட்டை உடைத்தது, பழுதான கதவை இயக்கிச் சேதப்படுத்தியது என்று இரண்டு குற்றச்சாட்டு. விசாரணை ஜோர்ஜ் டவுனில், மாநில அரசு அலுவலகத்தில். பட்டர்வெர்த்திலிருந்து பெரிக் கப்பல் ஏறித் தீவுக்குப் போனாள். கூட வருகிறேன் என்ற ஹைதரை வேண்டாம் என்றுவிட்டாள். கடல் அன்றைக்கு ஆடாமல் அசையாமல் கிடந்தது. இருந்தும் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

விசாரணை அதிகாரி ரோஹானா மலாயில் கேட்டார், இவள் மலாயில் பதில் சொன்னாள். ஆமாம், நான்தான் வெட்டினேன். ஆமாம், தயாளன் தடுத்தார். ஆமாம், திருகு வளைந்திருந்தது எனக்குத் தெரியும். ஒவ்வொரு ஆமாமுக்கும் ரோஹானா எதையோ எழுதினார். வேலை போய்விட்டது என்று ஜெகதீஸ்வரி மனத்துக்குள் முடிவு கட்டிவிட்டாள். அடுத்த மாதத்து இன்சுலினைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தாள்.

கெட்டுப்போன கதவை யார் பழுது பார்ப்பது என்று இரண்டு குத்தகைக்காரர்களுக்கும் தகராறு. அதைத் தீர்க்க எல்லை வரைபடத்தைக் கொண்டுவரும்படி ரோஹானா முன்பே கேட்டிருந்தார். கொண்டுவந்தவர் கண்ணம்மை என்ற நாற்பது வயதுப் பெண், நில அளவைப் பதிவேடுகளைப் பார்த்துக்கொள்பவர். மேசைமேல் இரண்டு தாள்களை விரித்தார். ஒன்று மாவட்டங்களைப் பிரித்த காலத்தது, மற்றது இன்றையது. விரலால் ஒரு கோட்டைத் தொடர்ந்து போனார். பிறகு மலாயில் விளக்கினார். ரோஹானா எழுந்து வந்து குனிந்து பார்த்தார். நிறுவனத்தின் சார்பில் வந்திருந்த தயாளனும் குனிந்தான். ஜெகதீஸ்வரிக்குச் சரியாகப் பிடிபடவில்லை என்று பார்த்து, கண்ணம்மை தமிழில் சொன்னார்.

“அக்கா, இப்ப இருக்கிறது பழைய ஆறு இல்ல. தோட்டம் இருந்த காலத்துல தொரைங்க நேரா வெட்டுன வாய்க்கால் இது. பழைய ஆறு அரை கிலோமீட்டர் தெக்கால வளைஞ்சு போச்சு. இப்ப அது நிப்பா பனங்காடு. ஆறு நகர்ந்தா கோடும் கூட நகர்ந்துரும்னு எல்லாரும் நெனைச்சிட்டாங்க. அரசாங்கப் பதிவுல கோடு பழைய எடத்துலதான் இருக்கு.”

அப்படியென்றால் மதகு முழுவதுமே மத்திய மாவட்டம். நாலு கதவும். தாமானும்கூட. பதினான்கு வருஷமாக அவள் குடியிருந்தது எந்த மாவட்டம் என்று அவளுக்கே தெரிந்திருக்கவில்லை.

தயாளன் தன் கோப்பை மூடினான். மதகின் நடுவில் கோடே இல்லை, தென் மாவட்டக் குத்தகைக்காரருக்கு அதன் மேல் உரிமையும் இல்லை என்றால், அவள் கோடு தாண்டினாள் என்று அவர்கள் எப்படிக் குற்றம் சாட்டுவது? முதல் குற்றச்சாட்டு அங்கேயே நின்றுபோனது. இரண்டாவதை ரோஹானா அன்றைக்கு நீர் ஏறி இறங்கிய கணக்கோடு வைத்துப் பார்த்தார். கதவைப் பாதியில் நிறுத்தியது யார் என்று கேட்டார். நான்தான் என்றாள். ஒரு எச்சரிக்கைக் கடிதத்தோடு விட்டார்.

ஆனால் வேலை போகத்தான் செய்தது. தென் மாவட்டத்தின் மதகு இல்லையென்றால், தென் மாவட்டத்தின் காவலாளி எதற்கு? டிசம்பரோடு கணக்கு முடித்து அனுப்பினார்கள். அந்தக் கடிதத்தைத் தயாளன் தபாலில் போடவில்லை, நேரில் கொண்டுவந்தான். அய்யாக்கண்ணு கொடுத்த தேநீரைக் குடிக்காமலே, மன்னிச்சிருங்க அக்கா என்று இரண்டு முறை சொல்லிவிட்டுப் போனான். ஜனவரி முழுதும் அவள் மறுபடி ஒரு கேண்டீனில் வெங்காயம் உரித்தாள். கடல் ஏறும் நேரம் வந்தால் கை தானாக நின்றுவிடும், கேண்டீன் முதலாளி முறைப்பார்.

பிப்ரவரியில் வடக்குப் பக்கத்துக் குத்தகைக்காரர் ஆள் அனுப்பினார். நாலு கதவுக்கும் ஒரே காவல், ஒரே சம்பளம், வருகிறீர்களா என்று கேட்டார்கள். சம்பளம் பழையதைவிட ஐம்பது வெள்ளி குறைவு. மூன்றாம் நம்பரின் திருகை மாற்றினால் வருகிறேன் என்றாள். மாற்ற ஆறு வாரம் ஆனது. அதுவரை அவள் போகவில்லை.

நில அளவைக்காரர்கள் தாமானுக்குத் தெற்கே பழைய ஆற்றின் தடத்தில் சிவப்பு முளைகள் அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இனித் தங்கள் குப்பையை எந்த மாவட்டத்து லோரி எடுக்கும் என்று பக்கத்து வீடுகளில் இன்னும் பேச்சு ஓயவில்லை. ஜெகதீஸ்வரியிடம் யாராவது கேட்டால், எனக்குத் தெரியாது லா, கண்ணம்மையைத்தான் கேட்கணும் என்று சொல்லிவிட்டு மதகுக்குப் போகச் சைக்கிளை எடுக்கிறாள். காலை ஏற்றம் ஆறே முக்காலுக்கு.