கொழுந்துக் கம்பியில் வந்த விண்கலம்

விண்கலம் வரைவதுதான் என் தொழில். சொன்னால் யாரும் லேசில் நம்புவதில்லை. வேறு கிரகம், வேறு காலம் என்று டீவித் தொடருக்குக் கதை எழுதிக்கொண்டு வருகிறவர்களுக்கு, கப்பல் எப்படி இருக்கும், கதவு எந்தப் பக்கம் திறக்கும், ஆள் எங்கே உட்காருவான் என்று வரைந்து கொடுப்பேன். படம் எடுக்க இடம் பார்க்கவும் என்னைக் கூட்டிப்போவார்கள். உப்பளம், கல்லுடைத்த பள்ளம், மூடிக்கிடக்கிற சீமெந்துத் தொழிற்சாலை என்று நிறையப் பார்த்துவிட்டேன். மகளுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் அம்மா, "ராக்கெட்டு செய்றா. ஆனா அது பறக்காது" என்று சொல்லி முடித்துவிடுகிறாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பறக்காதாமே! நான் செய்த முதல் கப்பல் இலங்கையில், எங்கள் எல்கடுவத் தேயிலை மலையில் பறந்தது. அதற்குள் உட்கார்ந்திருந்தவளும் நானே. அதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் இப்படிப் பேசுகிறாள்.

அப்போது நான் நாலாம் வகுப்பு. எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், பெரியம்மா வீட்டில் மட்டும்தான் டீவி இருந்தது. சித்திரப்படத்தில் விண்கலம் வந்தால் எனக்குச் சோறு வேண்டாம், தண்ணீர் வேண்டாம். பார்த்ததையெல்லாம் அடுப்புக் கரியால் சுவரில் வரைந்து வைப்பேன். தீபாவளிக்கு வெள்ளையடித்த சுவர் அது. அம்மா கொழுந்து பறிக்கும்போது செடிமேல் வைக்கிற மட்டக்கம்பை எடுத்து விளாசினாள். மறுநாள் லயத்தின் பின்சுவரில் வரைந்தேன். அங்கேயும் அடி விழுந்ததும், சுவரே வேண்டாம் போ என்று பழைய கொழுந்துக் கூடை இரண்டை வாயோடு வாய் வைத்துக் கட்டி, தேயிலைப் பெட்டிக்குள் போடும் வெள்ளித்தாளை மேலே ஒட்டி, நிஜக் கப்பலே செய்துவிட்டேன். பூனைதான் அதற்குள் உட்கார முடியும். அதுவும் உட்கார மாட்டேன் என்றுவிட்டது.

வெள்ளித்தாள் எனக்குத் தாராளமாகக் கிடைத்தது. ஏனென்றால் எங்கள் ஸ்டோரை, அதாவது தேயிலைத் தொழிற்சாலையை, மூடியிருந்தார்கள். அதற்கு முன்னால் மேல்மலையில் பறிக்கிற கொழுந்தை மூட்டை கட்டி, கொக்கியில் மாட்டி, நீளமான இரும்புக் கம்பியில் விடுவார்கள். மூட்டை பள்ளத்தைத் தாண்டி விர்ரென்று ஸ்டோர் வாசலுக்கு வந்து நிற்கும். அந்தக் கம்பிக்குப் பொறுப்பு என் அப்பா. ஸ்டோர் மூடினபிறகு கொழுந்து லொறியில் வேறு தோட்டத்துக்குப் போனது. அப்பா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டப் போனார். கம்பி மட்டும் மலைக்கும் ஸ்டோருக்கும் நடுவில் சும்மா கிடந்தது.

அந்த மூடின ஸ்டோரைத் தேடித்தான் கொழும்பிலிருந்து டீவிக்காரர்கள் வந்தார்கள். நட்சத்திரத்திலிருந்து ஒரு சின்னப்பெண் தேயிலை மலையில் வந்து இறங்குகிற சிங்களத் தொடர். கொழுந்து வாட்டும் மேல்தட்டு எங்களுக்குத் தூசி, தும்மல். அந்த நீளமான தட்டுகளையும் சுவரளவு காற்றாடிகளையும் பார்த்ததும் டைரக்டர் குதிக்காத குறை. இதுதான் கப்பலின் உள்பக்கம் என்றார். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அதே மேல்தட்டை எட்டிப் பார்த்தேன். ஆமாம், கப்பல்தான்! இத்தனை நாள் எனக்கு எப்படித் தெரியாமல் போயிற்று என்று வெட்கமாக இருந்தது.

உள்பக்கம் கிடைத்தாயிற்று. வெளிப்பக்கத்துக்குத்தான் ஆபத்து வந்தது. கொழும்பில் ரெஜிஃபோம் என்கிற வெள்ளைத் தக்கையில் செய்து லொறியில் ஏற்றின கப்பல், மாத்தளையிலிருந்து ஏறுகிற வளைவுகளில் இடிபட்டு, ஒரு சிறகு இங்கே, ஒரு வால் அங்கே என்று வந்து சேர்ந்தது. செட் போடுகிற மாத்தையா, சிங்களத்தில் ஐயா என்று அர்த்தம், மனிதருக்கு அதிக வயதுகூட இல்லை, ஸ்டோர்ப் படியில் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். நான் என் கூடைக் கப்பலைத் தூக்கிக்கொண்டு போய் அவர் காலடியில் வைத்தேன்.

அவர் சிரிக்கவில்லை. கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கதவு எங்கே என்று கேட்டார். அதுவரை என் கப்பலைப் பற்றி ஒரு பெரியவர் கேட்ட ஒரே கேள்வி, கூடையை ஏன் நாசமாக்கினாய் என்பதுதான். கதவு உச்சியில் இருக்கிறது, அடியில் வைத்தால் இறங்கும்போது ரத்தம் குடிக்கிற அட்டை ஏறிவிடும் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் விளக்கினேன். எல்கடுவப் புல்லில் இறங்குகிற எவனுக்கும் அட்டையைப் பற்றிய யோசனை வேண்டாமா? அவர் டைரக்டரைக் கூப்பிட்டார்.

பிறகு என்ன, மாரியம்மன் தேருக்கு மூங்கில் கட்டும் இளவட்டங்களே வந்து கட்டினார்கள். நான் நடுவில் நின்று, இங்கே வளையணும், அங்கே குறுகணும் என்று அதிகாரம் பண்ணினேன். சின்னப்பிள்ளை உட்காருகிற அளவில், இரண்டு கூடை வாயோடு வாய் வைத்த அதே வடிவம். ஸ்டோரில் மிச்சமிருந்த வெள்ளித்தாளை முழுக்க ஒட்டினோம். வெயிலில் அதைப் பார்க்கக் கண் கூசியது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

கப்பலை எப்படி இறக்குவது என்ற பேச்சு வந்தபோது டைரக்டரின் கண் கம்பியில் விழுந்தது. கொழுந்து மூட்டை வருகிற வழியில் கப்பல் வரட்டும் என்றார். உள்ளே உட்கார வேண்டிய கொழும்புப் பிள்ளையின் தாய் கம்பியை ஒரு பார்வை பார்த்தார், பள்ளத்தை ஒரு பார்வை பார்த்தார், மகளை இழுத்துக்கொண்டு வேனில் ஏறிவிட்டார். அதே உயரத்தில் இன்னொரு பிள்ளை வேண்டும், விண்வெளித் தொப்பி மூடியிருப்பதால் முகம் தெரியாது என்றார்கள்.

நான் கையைத் தூக்கினேன். அப்பா உடனே, "முடியாது" என்றார்.

நான் விட்டேனா? கப்பல் என்னுடையது என்றேன். தரையில் புரண்டேன். ரொட்டியைத் தொடவில்லை. மாமா மகனிடமும் வகுப்பில் இருந்த அத்தனை பேரிடமும், இந்தத் தோட்டத்திலிருந்து விண்கலத்தில் பறக்கப்போகிற முதல் ஆள் நான் என்று ஏற்கனவே சொல்லியாயிற்று. மானம் போய்விடும். அப்பா ஸ்டோர் வாசலில் நின்று கம்பியை வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார். கடைசியில், "பாப்பம் தாயி" என்றார். அது எனக்குப் போதும்.

அடுத்தடுத்த நாள்களில் அப்பா கம்பியை விட்டு அகலவில்லை. கொக்கியைக் கழற்றித் துருவைச் சுரண்டினார், எண்ணெய் போட்டார். டீவிக்காரர்களிடம் புதுக்கயிறு வாங்கச் சொன்னார். கயிற்றைக் கப்பலில் கட்டி, மேலே மரத்தில் சுற்றி, இளவட்டங்களை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் கப்பல் பாய்ந்து வராது, மெதுவாக இறங்கும். முதலில் கல் மூட்டைகளை ஏற்றி இறக்கினார். அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. கல்லை யாரும் பயணி என்று சொல்ல மாட்டார்கள். முதல் ஆள் என்ற பட்டம் பத்திரமாக இருந்தது.

படம் எடுப்பதற்கு முந்தின நாள் மத்தியானம் அப்பா லயத்துக்கு வந்தார். குளித்தார், திருநீறு பூசினார். திருவிழாவுக்கு மட்டும் போடுகிற வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டார். கைக்கடிகாரத்தைக் கழற்றி அம்மாவிடம் நீட்டி, "வச்சிரு" என்றார். அம்மா வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். யாரோ பெரிய ஆள் வருகிறார்போல என்று நான் நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் மாமா மகன் மூச்சிரைக்க ஓடிவந்தான். "அடியே, ஒங்கப்பா ஒன் ராக்கெட்டுல ஏறிட்டாரு!"

விழுந்தடித்து ஓடினேன். ஸ்டோர் வாசலில் இருந்து பார்த்தால், ஐயோ, என் கப்பல் பள்ளத்துக்கு மேலே வந்துகொண்டிருக்கிறது! என் அளவுக்குச் செய்த கப்பலுக்குள் அப்பா மடங்கி உட்கார்ந்திருக்கிறார். ஒரு முழங்கால் வெள்ளித்தாளைக் கிழித்துக்கொண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. அம்மா தம்பியை இடுப்பில் வைத்தபடி அங்கே நின்றாள். கப்பலைப் பார்க்காமல் ஸ்டோர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தன்னை ஏற்றவில்லை என்று அவளுக்கும் கோபம்போல என்று முடிவு கட்டினேன்.

கப்பல் வந்து நின்றது. அப்பா இறங்கிப் பக்கத்து மரத்தைப் பிடித்துக்கொண்டு சற்று நின்றார். குளிர்காற்றிலும் வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. செட் போடுகிற மாத்தையாவிடம், நாளைக்குப் பிள்ளை வரலாம் என்று மட்டும் சொன்னார். நான் அழுது ஊரைக் கூட்டினேன். "அது என் கப்பலு! நான்தானே மொதல்ல ஏறணும்!" அப்பா என் தலையைத் தடவ வந்தார். தட்டிவிட்டு விலகினேன். மாமா மகன் அதற்குள் லயத்துக்கு லயம் போய், முதல் ஆள் யார் என்று செய்தி வாசித்து முடித்துவிட்டான். கிழிந்த இடத்தில் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வேறு தாள் வைத்து ஒட்டினேன். கோணல்மாணலாகத் தெரிந்தது.

மறுநாள் மேல்மலையில் அப்பாதான் என்னைக் கப்பலுக்குள் உட்காரவைத்துக் கட்டினார். ஒவ்வொரு முடிச்சையும் இரண்டாம் தரமும் இழுத்துப் பார்த்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கயிறு பிடிக்கிறவர்களுக்கு முன்னால் அவரே போய் நின்றார். கப்பல் அசைந்தது.

அந்த ஆனந்தத்தை எதைச் சொல்லி விளக்குவேன்? காலுக்குக் கீழே தேயிலை நிரை நிரையாகப் போனது. எங்கள் லயத்துத் தகரக் கூரையைக் கண்டேன், பெரியம்மாவின் டீவி அன்டெனாவைக் கண்டேன், கோயிலைக் கண்டேன். தூரத்தில் மாத்தளை டவுன் புகைமூட்டத்தில் கிடந்தது. காற்று தொப்பிக்குள் புகுந்து காதில் ஊதியது. நான் வாய்விட்டுக் கத்திக்கொண்டே வந்தேன்.

கீழே அம்மாவையும் கொழுந்துக்காரப் பெண்களையும் கூடையோடு நிறுத்தியிருந்தார்கள். கப்பல் இறங்கியதும் அலறிக்கொண்டு நாலாபக்கமும் ஓட வேண்டும். காலையிலிருந்து டைரக்டர் இதைத்தான் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். எல்லாரும் தலையாட்டினார்கள். ஓடியும் காட்டினார்கள்.

கப்பல் வாசலில் வந்து நின்றது. ஒரு பெண்ணும் ஓடவில்லை. கைகள் தாமாகத் தலைக்கு மேல் போயின. யாரோ அரோகரா என்றார்கள். சும்மா வேடிக்கை பார்க்க வந்த பையன்கள் தப்பை அடிக்க ஆரம்பித்தார்கள். காலையில் கப்பலுக்குப் பூசை போட்ட ஆலாத்தித் தட்டோடு அம்மா முன்னால் வந்தாள். மூன்று சுற்றுச் சுற்றி, கப்பல் நெற்றியில் ஒரு பொட்டு, என் தொப்பி நெற்றியில் ஒரு பொட்டு வைத்தாள். டைரக்டர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். செட் போடுகிற மாத்தையா புல்லில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அட்டை பற்றிய யோசனையே அவருக்கு இல்லை.

ஏன் ஓடவில்லை என்று கேள் என்று டைரக்டர் என்னிடம் சொன்னார். நான் கேட்டேன். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "தேரு வாசலுக்கு வருது. உள்ள எம்புள்ள ஒக்காந்திருக்கு. எவளாச்சும் ஓடுவாளா?"

நான் சிங்களத்தில் சொன்னேன். டைரக்டர் எடுத்ததைப் போட்டுப் பார்த்தார். இன்னொரு தரமும் பார்த்தார். பிறகு, ஓட வேண்டாம், கதையை மாற்றிக்கொள்கிறேன் என்றார். ஆலாத்தி எடுத்து வரவேற்கப்பட்ட விண்கலம் வேறு எந்தத் தொடரிலாவது உண்டா? தொழிலுக்கு வந்தபின் தேடித் தேடிப் பார்த்துவிட்டேன். கிடையாது.

இன்று என் கப்பல்களில் நடிகர்களைக் கயிற்றில் தொங்கவிடுவதற்கு முன்னால், முதலில் ஏறி இறங்கவென்றே பழகிய ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் இறங்கியதும் நான் தண்ணீர்ப் போத்தலோடு ஓடுவேன். அது உன் வேலை இல்லையே என்பார்கள். இருக்கட்டும் என்பேன்.

தொடர் டீவியில் வந்த அன்று பெரியம்மா வீட்டில் கால் வைக்க இடமில்லை. கப்பல் திரையில் வந்தது. கோணல்மாணலான ஒட்டும் நன்றாகவே தெரிந்தது. முடிவில் எழுத்து ஓடியபோது, விண்கலம் என்று போட்டு என் பெயரைப் போட்டிருந்தார்கள். சிங்கள எழுத்தை நானே உரக்கப் படித்துக் காட்டினேன். அப்பா மேலே கயிற்றோடு நின்றதால் நான் இறங்கியதை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தார். கண்கொட்டாமல் பார்த்தார்.

அவரோடு அதற்குள் பேச்சு வந்துவிட்டது, வருத்தம் மட்டும் போகவில்லை. வீட்டுக்கு நடக்கும்போது கேட்டேவிட்டேன். முதலில் ஏறினீர்களே, மேலே இருந்து என்னென்ன பார்த்தீர்கள்?

"நான் எங்க தாயி பாத்தேன். ஏறுனதுலருந்து எறங்குற வரைக்கும் கண்ண தொறக்கவே இல்ல."

எனக்கு எப்படி இருந்திருக்கும்! தோட்டமே ஏங்கிய பயணம். அதைக் கண்ணை மூடிக்கொண்டு வீணாக்கிவிட்டாரே இந்த மனுஷன்! ஆனால் உடனே இன்னொன்று புரிந்து சந்தோஷம் பொங்கியது. அப்படியானால், கண்ணைத் திறந்துகொண்டு பறந்த முதல் ஆள் நான்தானே? மாமா மகனிடம் நாளைக்கே சொல்ல வேண்டும். அப்பாவிடமும் சொன்னேன். அவர் ஒரு கணமும் யோசிக்காமல், "ஆமா தாயி, நீதான் மொதல் ஆளு" என்றார்.

அம்மா பின்னால் நடந்துவந்தாள். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பனிக்குச் சளி பிடித்திருக்கும். நான் அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். பாவம், இவருக்குப் பறக்கவே தெரியவில்லை என்று அவர்மேல் இரக்கமாக இருந்தது.