அப்பா ஏறாத கப்பல்

பினாங்குச் சம்பான் துறையில் அன்று அக்கா இருந்தாள், அத்தான் இருந்தார், அவர்களுடைய இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள், ஆபீசில் அரைநாள் லீவு கேட்டு வாங்கிக்கொண்டு நான் இருந்தேன். அப்பாவின் சிநேகிதர்கள் இருவரும் வரவில்லை. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கப்பலேற வேண்டிய அப்பாவே வரவில்லை.

நாகப்பட்டினம் போகிற கப்பல் தள்ளி நங்கூரம் போட்டு நின்றது. ஐந்து மணிக்குக் கிளம்பும் என்றார்கள். எங்களைக் கொண்டுபோக வேண்டிய சீனச் சம்பான்காரன் படகில் நின்று துடுப்பால் படியைத் தட்டிக்கொண்டே இருந்தான். காலையில் அப்பா, "ரெண்டு பேர்கிட்டயும் சொல்லிட்டு வந்துடறேன்" என்று போனவர். மணி மூன்று தாண்டிவிட்டது. நான் படியில் இறங்குவேன், ஏறுவேன், தெருவைப் பார்ப்பேன்.

"நில்லேன்டா ஒரு இடத்துல. நீ நடக்கறதைப் பார்த்தே எனக்குத் தலை சுத்துது" என்றாள் அக்கா.

"மாமாவோட பாயும் பெட்டியும் போயாச்சு. மாமா எங்க போயிடப் போறாரு?" என்றார் அத்தான்.

கப்பலின் மேல்தளத்தில் போகிறவர்கள் முன்னாலேயே பாயை விரித்துப் பெட்டியை வைத்து இடம் பிடித்தாக வேண்டும். இல்லாவிட்டால் ஒரு வாரமும் புகைக்கூண்டுக் கரியிலேயே படுத்திருக்க வேண்டியதுதான். அதனால் அதே கப்பலில் ஊருக்குப் போகிற அடுத்த வீட்டுக்காரர் ஒருவரிடம் அத்தான் மதியமே எல்லாவற்றையும் கொடுத்தனுப்பிவிட்டார். புதுத் தகரப்பெட்டி. அதற்குள் சித்தப்பாவுக்கு வேட்டி, சித்திக்குச் சேலை, ஒரு குடை, ஒரு கண்ணாடி.

இந்தப் பயணத்தை ஏற்பாடு செய்தவன் நான்தான். அப்பா கால் நூற்றாண்டுக்கு மேல் தொங்கான் என்கிற சரக்குப் படகில் மூட்டை சுமந்தவர். முட்டி வலி வந்து படி ஏற முடியாமல் போனதும் படகின் மேஸ்திரியான தண்டல், "போதும், வீட்ல இரு" என்று சொல்லிவிட்டார். அந்த வருஷம்தான் எனக்குக் குமாஸ்தா வேலை கிடைத்தது. எங்கள் குடும்பத்தில் ஏழாம் ஸ்டாண்டர்ட் பாஸ் செய்த முதல் ஆள் நான். "நான் இருக்கேன்பா, நீங்க உட்காருங்க" என்று பெருமையாகச் சொன்னேன். அவரும் உட்கார்ந்தார்.

அப்படி உட்கார்ந்ததில்தான் ஆள் பாதியாகிப் போனார். பகலெல்லாம் தூக்கம், ராத்திரியெல்லாம் முழிப்பு. சரியாக இருந்த கதவுத் தாழ்ப்பாளைக் கழற்றி, திரும்ப மாட்டத் தெரியாமல் அதனோடு சண்டை போட்டார். பக்கத்து வீட்டுச் சேவலைத் திட்டினார். அக்கா கொண்டுவந்த குழம்பில் உப்பில்லை என்றார். மறுநாள் உப்பு கரிக்கிறது என்றார். பேச்சு வரவரக் குறைந்தது. நான் ஆபீசில் உட்கார்ந்திருக்கும்போதுகூட, வீட்டில் அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்குத் தெரிந்துகொண்டே இருக்கும்.

பிறகு ஒருநாள் தானாகவே வெளியே போக ஆரம்பித்தார். சூலியா தெருவில் சோற்றுக்கடையை மகனிடம் விட்டுவிட்டுச் சும்மா இருந்த முஸ்லிம் நானா ஒருவரும், துரை வீட்டுச் சமையலிலிருந்து நின்றுவிட்ட மாதா கோயில் வேதக்காரர் ஒருவரும் அவருக்குக் கூட்டு. ஊர்க் கப்பல் வருகிற நாட்களில் அப்பா தானே முகம் மழித்து, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு, "கப்பல் பார்த்துட்டு வரேன்" என்று கிளம்புவார். ராத்திரி நன்றாகத் தூங்குவார்.

அதை நான் என்னவென்று எடுத்துக்கொண்டேன்? ஊர் ஏக்கம் என்று எடுத்துக்கொண்டேன். "அடுத்த வருசம் ஊருக்குப் போயிடணும்" என்று அவர் சொல்லிக் கேட்டுத்தானே வளர்ந்தேன்! பினாங்கில் அந்த வயதுத் தமிழர் யாரைப் பார்த்தாலும் அதைத்தான் சொல்வார்கள். சொந்த வீடு வாங்கினவரும் சொல்வார், பேரன் பேத்தி எடுத்தவரும் சொல்வார். அத்தனை பேரும் சொல்வதுதானே என்று நான் யோசிக்கவில்லை, என் அப்பா சொன்னதை மட்டும் யோசித்தேன். சம்பளத்தில் மிச்சம் பிடித்து டிக்கெட் எடுத்துவிட்டேன். தெருவே அவரைப் பிடித்துக்கொண்டது. "கொடுத்து வச்சவருண்ணே, பிள்ளை டிக்கெட் எடுத்து அனுப்பறான்!" அப்பா சிரித்தார்.

மூன்றரைக்கு நான் ஓடினேன். காப்பிக்கடையில் நானாவும் வேதக்காரரும் இருந்தார்கள், நடுவில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது.

"அப்பா எங்க நானா?"

நானா காப்பியை ஆற்றிக்கொண்டே இருந்தார். "பாலிக் புலாவ் போயிருக்கான்."

"பாலிக் புலாவா! மலை தாண்டியா? இன்னைக்கா?"

"இன்னைக்குத்தானே தம்பி தீவுலேர்ந்து ஆளுங்களை விட்டான்" என்றார் வேதக்காரர்.

எனக்கு அப்புறம்தான் விளங்கியது. ஊரிலிருந்து வருகிற கூலி ஜனங்களை நோய்க்குப் பயந்து முதலில் எதிர்த்தீவில் இறக்கி வைத்து, சில நாள் கழித்துத்தான் பட்டணத்துக்குள் விடுவார்கள். அப்பா போக வேண்டிய இந்தக் கப்பல்தான் அவர்களை இறக்கிவிட்டுச் சிங்கப்பூர் வரை போய்த் திரும்பியிருந்தது. அவர்கள் கரையேறியதும் அன்றைக்கே.

"ஒரு பொம்பளை, இடுப்புல பிள்ளை. புருசன் பாலிக் புலாவ்ல சாதிக்காத் தோட்டத்துல இருக்கான்னு மட்டும் தெரியும். அவன் கூட்டிப்போக வரலை. படியில உட்கார்ந்து அழுவுது. உங்கப்பன் விடுவானா?" என்றார் நானா.

"நீங்க யாராவது போயிருக்கலாமே!"

"எனக்கு பஸ்ல வாந்தி வரும்" என்றார் வேதக்காரர்.

"இவருக்குக் கோயில்ல முட்டி போட்டாலே வாந்தி வரும்" என்றார் நானா.

"நானா, கப்பலுக்கு நேரமாச்சு! அவர் கப்பலைப் பார்த்து ஏங்கறாரேன்னுதானே நான்..."

நானா கோப்பையைத் தட்டில் வைத்தார். "கப்பலைப் பார்த்தா? மூணு கிழவனும் அங்க போயி அலையையா எண்ணிக்கிட்டிருந்தோம்? கப்பல்ல வர்ற ஆளைப் பார்க்கப் போறோம் தம்பி. எந்த ஊரு, யாரைத் தேடி வந்தே, பசிக்குதான்னு கேக்கறதுக்கு. போன மாசம் ஒரு பையனைக் காய்ச்சலோட ஆஸ்பத்திரிக்கு உங்கப்பன்தான் கொண்டுபோனான். தினமும் போய்ப் பார்த்தான். உன்கிட்ட சொல்லலியா?"

சொல்லவில்லை. நானும் கேட்டதில்லை. ஆபீசிலிருந்து வந்ததும் "சாப்பிட்டீங்களாப்பா, மருந்து தேச்சீங்களா" என்பதோடு என் விசாரணை முடிந்துவிடும்.

அங்கே உட்கார முடியவில்லை. ரிக்ஷா பிடித்து பஸ் நிற்கிற இடத்துக்குப் போனேன். பாலிக் புலாவ் பஸ் ஒன்று வந்தது. டுரியான் கூடைகள் இறங்கின, கோழிகள் இறங்கின, ஒரு மலாய்க் கிழவி இறங்கினாள். அப்பா இறங்கவில்லை. அடுத்த பஸ் எப்போது என்று டிரைவரைக் கேட்டேன். அவன் மலைப்பக்கம் கையைக் காட்டி, மழை, மண் சரிந்து கிடக்கிறது, இனி நாளைக்குத்தான் என்றான். திரும்ப ரிக்ஷா. பாதி வழியில் கப்பலின் சங்கு ஊதியது. அப்போதும் இழுப்பவனிடம் "சீக்கிரம், சீக்கிரம்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். எதற்குச் சீக்கிரம் என்று தெரியவில்லை.

துறையில் அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அத்தான் கடலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"பெட்டி ஊருக்குப் போகுது, மாப்பிள்ளை. மாமாவுக்குப் பதிலா பெட்டியாவது ஊரைப் பார்க்கட்டும்."

மறுநாள் காலை அப்பா வந்தார். வேட்டியெல்லாம் சேறு, கையில் ஒரு பொட்டலம் சாதிக்காய் ஊறல். நான் ஆபீசுக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தேன்.

"அந்தப் பொண்ணு புருசன் நாளைக்குத்தான் விடுவாங்கன்னு நெனச்சுக்கிட்டு இருந்திருக்கான், மடையன்" என்றார். "பிள்ளையைக் கையில வாங்கினவன் கீழ இறக்கவே இல்லை."

"அப்பா, கப்பல்!"

"தெரியும்."

"தெரிஞ்சேதான் போனீங்களா?"

அவர் பெஞ்சில் உட்கார்ந்து முட்டியைப் பிடித்துவிட்டுக்கொண்டார். "மத்தியானத்துக்குள்ள திரும்பிடலாம்னுதான் போனேன். மழை வந்துது. மழை வந்ததும்..." "சந்தோசமா இருந்துது, தம்பி. பொய் சொல்லக்கூடாது."

"ஊருக்குப் போகணும் போகணும்னு நீங்கதானே சொல்வீங்க?"

"எல்லாருந்தான் சொல்றோம். வீட்டுக்கு வந்தவங்க, காப்பி எல்லாம் வேண்டாங்கன்னு சும்மா சொல்றதில்லையா? அதுக்காக உள்ள போயி அடுப்பை அணைச்சுடுவியா?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"உனக்குத் தெரியாதுதான். நீ டிக்கெட்டைக் கையில கொடுத்தப்ப உன் முகத்தைப் பார்த்தேன். எப்படிடா வேண்டாம்னு சொல்றது?" அவர் குரல் திடீரென்று உயர்ந்தது. "அங்க போயி நான் யாரைப் பார்க்கறது? என்னைத் தெரிஞ்சவனெல்லாம் இந்தத் துறையிலதான் இருக்கான். அங்கயும் என்னை ஒரு மூலையில உட்கார வச்சு சோறு போடுவாங்க. இங்கயாவது காலையில எழுந்தா போறதுக்கு ஒரு இடம் இருக்கு."

ஜன்னலுக்குப் போனேன், திரும்பி வந்தேன். ஆபீசுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

"அடுத்த கப்பல் என்னைக்குப்பா வருது?" என்றேன்.

அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். இன்னொரு டிக்கெட் எடுத்துவிடுவேனோ என்று பயந்திருக்க வேண்டும்.

"வர்ற கப்பலைத்தான் கேக்கறேன். வெளுத்த சட்டை வேணும்ல, வண்ணான்கிட்ட போடணும்."

"வெள்ளிக்கிழமை" என்றார்.

கப்பல் கம்பெனியில் ஏறாத டிக்கெட்டுக்குப் பணம் திருப்ப மாட்டோம் என்றுவிட்டார்கள். பெட்டி சித்தப்பா வீட்டுக்குப் பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததாகவும், குடை ரொம்ப நன்றாக இருப்பதாகவும் அடுத்த மாதம் தகவல் வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் மீன்குழம்பு சாப்பிட்டுக் கைகழுவியபின், அப்பா எதிரிலேயே அத்தான் கணக்குப் போட்டார்: டிக்கெட், பெட்டி, துணிமணி, குடை, கண்ணாடி, காத்திருந்த சம்பான், நான் அலைந்த ரிக்ஷா, அப்பாவும் அந்தப் பெண்ணும் போன பஸ். அப்பா ஊருக்குப் போகாமலிருக்க ஆன செலவு, எல்லாம் சேர்த்து, முப்பத்தாறு வெள்ளி இருபது காசு.