மேனேஜரின் அப்பா

சிக்னலுக்கு நூறு அடி இருக்கும்போதே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவார். பிறகு பிரேக்கை மெல்ல, மிக மெல்ல அழுத்துவார். பஸ் நின்றது உள்ளே இருப்பவர்களுக்கே தெரியாது. ஆபீஸுக்கு நேரமாகிவிட்ட யாராவது பின்னாலிருந்து கத்துவார்கள்: "டிரைவர் அண்ணே, என்ன ஊர்வலமா போறோம்?" அவர் திரும்பிப் பார்க்காமலே சொல்வார், "ஏறும்போது எப்படி இருந்தீங்களோ அப்படியே இறக்கி விடுறேன். போதாதா?"

ஐம்பத்தாறு வயது. சட்டைக் காலர் வரை பொத்தான் போடுவார். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்தே அதன் ஓரம் தேய்ந்துவிட்டது. ஆறு வருடமாக அவருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்து வேலைக்குப் போகிறேன். கடைசி நிறுத்தத்தில் அவருக்குப் பதினைந்து நிமிட ஓய்வு. எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தப் பதினைந்து நிமிடங்களில் அவர் சொன்னதுதான்.

ஒரே மகள். பிறந்ததிலிருந்தே கழுத்து நிற்கவில்லை, பேச்சு வரவில்லை. ஐந்து வயதைத் தாண்டாது என்றார் டாக்டர். இருபத்திரண்டு வரை இருந்தாள். வீட்டில் அவளுக்கு மேனேஜர் என்று பெயர். "அவ சாப்பிட்டாத்தான் நாங்க சாப்பிடணும். அவ தூங்கினாத்தான் லைட்டை அணைக்கணும். லீவு கேட்டா மட்டும் சிரிப்பா. அதுவும் ஒரு பக்கமாத்தான் சிரிப்பா."

ஒரு விடுமுறை நாளில் அவளை மடியில் வைத்துக்கொண்டு வேறொருவர் ஓட்டிய பஸ்ஸில் போயிருக்கிறார். ஒவ்வொரு பிரேக்குக்கும் அவள் தலை முன்னால் விழுந்தது. வழி முழுக்க நெற்றியைக் கையால் தாங்கிப் பிடித்தபடி வந்தார். "லைசென்ஸ் வாங்கிப் பன்னெண்டு வருஷம் கழிச்சு, அன்னைக்குத்தாங்க நான் வண்டி ஓட்டக் கத்துக்கிட்டேன்."

மூன்று வருடங்களுக்கு முன் நுரையீரலில் சளி கட்டி, நான்கே நாளில் போய்விட்டாள். அடக்க ஆராதனையில் போதகர், "நம் மகள் இப்போது பரலோகத்தில் துள்ளி ஓடுகிறாள், வாயாரப் பேசுகிறாள்" என்றார். எல்லாரும் ஆமென் சொன்னார்கள். இவர் சொல்லவில்லை. அதோடு கோயிலுக்குப் போவதையும் நிறுத்திவிட்டார். மனைவி மட்டும் தனியாகப் போய்வந்தார்.

நான்காவது மாதம், மனைவி மகளின் துணிகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தபோது இவருக்குப் பொறுக்கவில்லை. "ஓடுறாளாம், பேசுறாளாம். யாரு அது? அந்தப் பொண்ணை எனக்குத் தெரியவே தெரியாதே! நான் அங்க போனா எப்படி அடையாளம் கண்டுபிடிப்பேன்?"

மனைவி மடிப்பதை நிறுத்தவில்லை. "ஏங்க, ஆண்டவர் உயிர்த்தெழுந்து வந்தப்போ கையில இருந்த காயம் மறைஞ்சா போச்சு? அதைக் காட்டித்தானே நான்தான்னு சொன்னாரு? இவளும் உங்களுக்குக் காட்ட ஏதாவது ஒண்ணு வெச்சிருப்பா."

"என்னத்தை வெச்சிருப்பா?"

"அந்தக் கோணச் சிரிப்பைத்தான். அதை விட்டுட்டுப் போக அவளுக்கு என்ன பைத்தியமா?"

இதை என்னிடம் சொன்னபோது அவர் அழவில்லை. மனைவி சொன்னபோது அழுதாராம், "சின்னப் புள்ள மாதிரி, மூக்கு ஒழுக." அடுத்த ஞாயிறு காலையில் அவரே சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றிருக்கிறார்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் அழைத்து நானும் அவர்கள் கோயிலுக்குப் போயிருந்தேன். நீளமான அறை, மர பெஞ்சுகள், ஓரமாக இரண்டு மின்விசிறிகள். அவருக்குப் பின்வரிசையில் எனக்கு இடம் கிடைத்தது. பாட்டு தொடங்கியதும் கூட்டம் முழுவதும் எழுந்து நின்றது. அவர் எழவில்லை. நிற்க முடியாத மகள் பக்கத்தில் இருக்க, தான் மட்டும் எழுந்து நிற்பதா என்று, அவள் இருந்த வரை உட்கார்ந்தேதான் பாடுவாராம். இப்போதும் உட்கார்ந்தபடியே, சுதி கொஞ்சம் விலகி, எல்லாரையும்விடச் சத்தமாகப் பாடினார். பக்கத்தில் நின்றிருந்த மனைவி, தன் வரியை விடாமல் பாடிக்கொண்டே, பாட்டுப் புத்தகத்தை அவர் கண்ணுக்கு எட்டும் உயரத்துக்குத் தாழ்த்திப் பிடித்தார்.