ஷீலா அக்கா அடிக்காமல் விட்ட வலைகள்

ஊரப்பாக்கத்தில் எங்கள் அப்பார்ட்மென்டின் ஒட்டடையை ஒழிக்கத்தான் ஷீலா அக்காவை வேலைக்கு வைத்திருந்தார்கள். அவரோ பாதியை அடித்துவிட்டு மீதிக்குக் காவல் இருந்தார்.

மாடிப்படி மூலையில் தூசியோடு தொங்கினால் ஒரே இழுப்பு. பின்பக்க வேலிச்செடியில் வட்டமாகக் கட்டிய வலை என்றால் கம்பு தானாகக் கீழே இறங்கிவிடும். எந்தச் சிலந்தி எங்கே கட்டும் என்பது அவருக்கு அத்துப்படி. வலை நடுவில் பெருக்கல் குறி போட்டுக் கால்களை இரண்டிரண்டாகச் சேர்த்து உட்காருவது, இடுப்பளவுச் செடியில். முதுகில் முள் வைத்த குட்டி, வெயில் படும் கிளைகளுக்கு நடுவில். மஞ்சள் நூல்காரி, உள்ளங்கை அகலம். வேப்பமரத்துக்கும் மதிலுக்கும் இடையில். இருட்டும்போது மட்டும் கட்டுகிற ஒன்றைப் பார்க்க, வேலை முடிந்தும் ஆறரை வரை நிற்பார்.

"இன்னாக்கா, எட்டுக்கால் பூச்சிக்கெல்லாம் ஆதார் கார்டு போட்டுத் தரியா?" என்று வம்புக்கு இழுப்பேன்.

"உன் மூஞ்சிய விட அதுங்க மூஞ்சி நல்லா கீதுடா விக்கி. போ அந்தாண்ட."

ஆயுத பூஜைக்கு முன்னால் வேலியை வெட்டச் சொன்னார் செக்ரட்டரி யக்ஞநாராயணன். பெருக்கல் குறிக்காரி அதில்தான் பழுப்பு நிறத்தில் முட்டைப்பை கட்டித் தொங்கவிட்டிருந்தாள்.

"பத்து நாள் சார். குஞ்சுங்க வெளிய வந்து தானா போய்டும்."

"சரிம்மா. ஆனா பில்டிங் உள்ள ஒண்ணு வந்தாலும் மொத்தத்துக்கும் மருந்துதான். நீயும் கிளம்பிடணும்."

இந்த நிபந்தனை எனக்குத் தெரியாது என்று சொல்ல ஆசைதான். பக்கத்தில்தான் நின்றேன்.

ஆறாம் நாள், தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் வாங்கிய ரப்பர் சிலந்தியை, சும்மா வேடிக்கைக்கு, மாடிப்படியடியில் இருந்த செக்ரட்டரியின் தபால் பெட்டியில் வைத்தேன். அவர் போட்ட அலறலில் மூன்றாம் மாடி நாய் குரைத்தது. ஆட்கள் கூடுவதற்குள் ரப்பர் என் பேன்ட் பாக்கெட்டுக்கு வந்துவிட்டது.

ஷீலா அக்கா ஓடி வந்தார். "இன்னா சைஸ் சார்?"

"கை அகலம். கறுப்பு."

"வலை இருந்துச்சா?"

"இல்ல. சும்மா உட்கார்ந்திருந்தது."

"சார், இங்க அவ்ளோ பெருசா கீறது வலை கட்றதுதான், அது பொட்டிக்குள்ள வராது. அதுக்கு ரெண்டு பக்கம் புடிமானம் வோணும், நடுவுல காத்து வோணும். நீங்க பாத்தது பூச்சியே இல்ல சார்."

"எனக்கே பாடம் எடுக்கறியா?"

அவர் சொன்னது அத்தனையும் சரி. அதற்கான சாட்சி என் தொடையைக் குத்திக்கொண்டிருந்தது. ஊரெல்லாம் வாயாடுகிற நான் அன்றைக்குப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் காலை மருந்தடித்து, வேலியையும் வெட்டிச் சாய்த்தார்கள். மத்தியானம் ரப்பரைக் கொண்டுபோய்ச் செக்ரட்டரியிடம் நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதை நேத்தே காட்டியிருக்கலாமேடா. வேற ஆளுக்குச் சொல்லியாச்சு."

பின்பக்கம் போனேன். ஷீலா அக்கா வெட்டிய கிளைகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். முட்டைப்பை கிடைத்தது. மருந்தில் நனைந்து நசுங்கியிருந்தது.

"அக்கா, அது ரப்பர்க்கா. நான்தான்..."

"தெரியும்டா. வலை இல்லன்னு அவரு சொன்னப்பவே தெரியும். இந்த பில்டிங்ல இந்த மாதிரி வேலைக்கு வேற யாரு கீறா?"

"அப்புறம் ஏன்க்கா அங்கயே சொல்லல?"

"நீ சொல்லுவன்னு பாத்துகினு நின்னேன்."

ஒட்டடைக் கம்பை என் கையில் கொடுத்துவிட்டு ஊரப்பாக்கம் ஸ்டேஷன் பக்கம் நடந்தார்.