தொட்டிலில் ஆடிய அரிசி

எங்கள் வீட்டில் ஒரு காலத்தில் பகல் ஒரு மணி என்றால் பரீட்சை மண்டபம்தான். யாரும் தும்மக்கூடாது, குழாயைத் திறக்கக்கூடாது. பிரிக்ஃபீல்ட்ஸில் நான்காவது மாடி வீடு. ஜன்னலுக்குக் கீழே ரயில்கள் தங்கள் பாட்டுக்குத் தடதடத்துக்கொண்டு போகும். அதற்கெல்லாம் தங்கச்சி அசையமாட்டாள். நான் ஒரு பிஸ்கட்டைக் கடித்தால் மட்டும் போதும், பொட்டென்று கண்ணைத் திறந்துவிடுவாள். அவளுக்கு ஐந்து மாதம், எனக்கு ஒன்பது வயது. கட்டுப்பாடெல்லாம் எனக்குத்தான்.

குளிர்பெட்டிக் கதவில் அம்மா ஒரு தாளை ஒட்டியிருந்தார். காலை ஒன்பதரைக்கு ஒரு தூக்கம், பகல் ஒரு மணிக்குப் பெரிய தூக்கம், நாலரைக்கு ஒரு கோழித்தூக்கம், ராத்திரி ஏழரைக்குப் படுக்கை. இதில் ஒரு மணித் தூக்கம் தவறினால் அன்றைய நாளே போச்சு. தூக்கம் போனதால் அழுவாள், அழுவதால் தூக்கம் வராது. “நல்லா களைச்சுப்போனா தானா தூங்கிடும்” என்று அப்பா தம் அறிவைச் சொல்லிவிட்டு, பெட்டாலிங் ஜெயா தொழிற்சாலைக்கு ஷிப்டுக்குக் கிளம்பிவிடுவார். அந்த அறிவைத் தோளில் போட்டுக்கொண்டு விடியும்வரை நடப்பது அம்மா.

திங்கட்கிழமை அம்மா வேலைக்குத் திரும்ப வேண்டும். பங்சாரில் ஒரு கிளினிக்கில் கவுண்டர் வேலை. இனி ஒருநாள்கூட லீவு கிடையாது. தங்கச்சியைப் பார்த்துக்கொள்ளக் கீழ்மாடி ஆன்டி சம்மதித்திருந்தார், ஒரு நிபந்தனையோடு. “டைமுக்குத் தூங்குற புள்ளைனா பிரச்சினை இல்ல லா. தூங்காதுன்னா என்னால முடியாது, ஏற்கெனவே ரெண்டு வாண்டு இருக்கு.” அதனால்தான் அந்தத் தாள். மூன்று வாரமாக அம்மா அதைக் காப்பாற்றிக்கொண்டு வந்தார்.

சனிக்கிழமை, சரியாக ஒரு மணி பத்து நிமிடத்துக்கு, கிள்ளானிலிருந்து மாமா வந்து சேர்ந்தார். அம்மாவின் தம்பி. மெதுவாகப் பேசுவது என்றால் என்னவென்றே தெரியாத மனுஷன்.

கதவு நிலையில் கம்பி மாட்டி, ஸ்பிரிங் தொங்கவிட்டு, அதில் அம்மாவின் பழைய பூப்போட்ட பாத்தேக் கைலியைக் கட்டிய தொட்டில். மேலே ஒரு சின்ன மோட்டார். கிரீக் கிரீக் என்று அது ஆட, தங்கச்சியின் கண்கள் பாதி மூடியிருந்தன. மாமா கைலியை விலக்கி உள்ளே தலையை விட்டார்.

“அடியே என் தங்கமே! மாமா வந்துட்டேன் பாரு!”

அவ்வளவுதான். தங்கச்சி கெக்கெக்கே என்று சிரித்தாள். அம்மா சமையலறையிலிருந்து வந்து பார்த்தார். திட்டவில்லை. அப்படியே சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். திட்டியிருந்தால் மாமா சிரித்திருப்பார். இதற்குப் பயந்துவிட்டார்.

“அக்கா, நீ போய்ப் படு. நான் தூங்க வைக்கிறேன்.”

“நீயா? நீ தூங்கித்தான்டா நான் பாத்திருக்கேன்.”

என்றாலும் போனார். அத்தனை அசதி. அறைக்கதவைச் சாத்தும்போது, “தொட்டில் சத்தம் நின்னா எனக்கு முழிப்பு வந்துடும். நிறுத்திடாதீங்க” என்றார்.

அரைமணி நேரம் போராடினோம். தங்கச்சி வில்லாக வளைந்தாள், முகம் சிவந்தது, மாமாவின் சட்டைப் பொத்தான் ஒன்று போனது. மணி இரண்டாகப் போகிறது. மாமா என் காதில் கிசுகிசுத்தார். அவர் கிசுகிசுத்து அன்றுதான் கேட்டேன்.

“மருமகளே, காடில ஏத்தினா தூங்கிடுவாதானே?” தம் காரைத்தான் காடி என்பார்.

“தூங்குவா. ஆனா தொட்டில் நின்னா அம்மா எழுந்துடுவாங்களே.”

மாமா சமையலறையை எட்டிப் பார்த்தார். அங்கே ஒரு அரிசிப் பை இருந்தது, ஏறக்குறைய தங்கச்சி பருமன். அடுத்த நிமிடம் அது கைலிக்குள் படுத்திருந்தது. மோட்டாரைத் தட்டினார். கிரீக் கிரீக். “பாரு, எவ்வளவு சமத்து. மூச்சு விடுதா?” என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. போகிறபோக்கில் நாற்காலியில் கிடந்த அம்மாவின் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டேன், ஏனென்று தெரியாது.

பின் சீட்டில் பேபி சீட், பக்கத்தில் நான். ஃபெடரல் ஹைவேயில் ஏறுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. வைப்பர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வந்தது. தங்கச்சி அதையே பார்த்தாள், பார்த்தாள், பிறகு பார்க்கவில்லை. கார் நின்றால் முழித்துக்கொள்வாள் என்று மாமா நிற்காமலே போனார். பெட்டாலிங் ஜெயா மழைக்குள் கரைந்து போனது, பிறகு ஷா ஆலமும். கட்டடங்கள் எல்லாம் கண்ணாடியில் வழிந்து இறங்கின. முன்னால் போகும் லோரியின் சிவப்பு விளக்கைத் தவிர உலகத்தில் எதுவுமே இல்லை. நான் விழித்திருந்தேனா, தூங்கினேனா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. அந்தக் கார் போய்க்கொண்டே இருக்க வேண்டும் போலிருந்தது.

கிள்ளானில் ஒரு சிவப்பு விளக்கில் மாட்டிக்கொண்டோம். கார் நின்றது. தங்கச்சி கண்ணைத் திறக்காமலே முகத்தை இடமும் வலமும் திருப்பினாள். வாய் எதையோ தேடியது. உதடு பிதுங்கி, அழுகை வந்தேவிட்டது. நான் பதறிப்போய் அம்மாவின் துண்டை அவள் கன்னத்தோரம் வைத்தேன். அவள் அதில் மூக்கைப் புதைத்து, பெரிய மனுஷி மாதிரி ஒரு பெருமூச்சு விட்டு, மறுபடி தூங்கிப்போனாள். முகம் மூடிவிடாமல் துண்டின் ஓரத்தை வீடு வரும்வரை பிடித்திருந்தேன். மாமா காரைத் திருப்பினார்.

நாலு மணிக்குத் திருடர்களைப் போலக் கதவைத் திறந்தோம். தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் தரையில் அம்மா. அரிசிப் பைமீது தங்கச்சியின் போர்வை போர்த்தியிருந்தது. அம்மாவின் கை அதன்மேல் இருந்தது.

“அக்கா, திட்டுறதுனா மெதுவாத் திட்டு. தூங்குறா” என்றார் மாமா.

“அரிசிக்கும் புள்ளைக்கும் ஸ்பிரிங் ஒரே மாதிரியாடா கத்தும்?” அம்மாவின் குரலில் கோபமே இல்லை. பையை எடுத்துவிட்டுத் தங்கச்சியைக் கிடத்தினார். பிறகு என்னைப் பார்த்தார்.

“எவ்வளவு நேரம் தூங்கினா?”

“ரெண்டு மணி நேரம்மா!”

“அழுதாளா?”

“இல்ல.”

“என்னைத் தேடலையா?”

சிவப்பு விளக்கு ஞாபகம் வந்தது. தேடினாள் என்று சொன்னால் ஆன்டி வேண்டாம் என்றுவிடுவார், அம்மாவின் வேலை போய்விடும், எல்லாம் என் வாயால் கெடும். நான் கெட்டிக்காரி அல்லவா!

“தேடவே இல்லம்மா. நீங்க இல்லாமலே சூப்பராத் தூங்கினா.”

அம்மா தலையை ஆட்டினார். “நல்லது” என்றார். தாளில் நாலரை மணித் தூக்கத்தை அடித்துவிட்டு, ராத்திரிப் படுக்கையை ஏழு மணி என்று மாற்றி எழுதினார். அரிசிப் பையை அணைத்துத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குள் போனார்.

திங்கட்கிழமை எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. ஒரு மணிக்கெல்லாம் தூங்கிவிட்டாள் என்று ஆன்டி புகழ்ந்தார். தங்கச்சி இப்போது என்னைவிட உயரம், மத்தியானம் எழுப்பினால் கடிக்க வருகிறாள்.

அந்தச் சனிக்கிழமை நானும் மாமாவும் வெற்றிக் களிப்பில் ஆளுக்கொரு மைலோ குடித்தோம். உள்ளே அம்மா அரிசி கழுவினார், குழாய் ஓடிக்கொண்டே இருந்தது; வெளியே வந்தபோது அவர் கண் சிவந்திருந்தது. இரண்டு டம்ளர் அரிசியைக் கழுவ அவ்வளவு நேரம் ஆகாது என்பது எனக்கு அப்போது தெரியாது.