சின்னக் கைக்காரி

என் கை சின்னது. வளையல் கடையில் எனக்குச் சிறுமிகளுக்கான அளவைத்தான் எடுத்துத் தருவார்கள். அந்தக் கையால்தான் எனக்குப் பெயர் வந்தது. அந்தக் கையால்தான் என் தலையில் மண்ணும் விழுந்தது.

பூந்தமல்லிக்கு மேற்கே, ஏரியை ஒட்டி, ஏழு குடும்பங்கள் பன்றி வளர்த்தோம். குட்டி குறுக்கே மாட்டிக்கொண்டு தாய்ப்பன்றி முக்கிக்கொண்டு கிடந்தால் ஆண்களின் கை உள்ளே போகாது. என்னைத்தான் கூப்பிடுவார்கள். கையை முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவி, எண்ணெய் தடவி, வலி விடும் நேரம் பார்த்து உள்ளே விட்டு, குட்டியைத் திருப்பி இழுப்பேன். "சின்னக் கைக்காரி வந்துட்டா, இனிமே கவலையில்ல" என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன்.

எங்கள் கொட்டகையில் பதினோரு தாய்ப்பன்றிகள். அவற்றில் ஒன்றுக்கு இடது காது கிழிந்திருக்கும். நான் முதன்முதலாகக் கையை விட்டு இழுத்த குட்டி அதுதான். வளர்ந்து, அதுவே நாலு ஈற்று கண்டுவிட்டது. என் செருப்புச் சத்தம் கேட்டாலே எழுந்து வந்து கம்பியில் மூக்கைத் தேய்க்கும்.

ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் பக்கத்து மாவட்டம் வரைக்கும் வந்துவிட்டது என்று கேள்விப்பட்ட வாரம், அரசாங்கக் கால்நடை ஆஸ்பத்திரி டாக்டரம்மா எங்கள் எல்லாரையும் கூட்டி வைத்துப் பேசினார். தடுப்பூசியும் கிடையாது, வந்தால் மருந்தும் கிடையாது; செருப்பு, துணி, கை, எதில் வேண்டுமானாலும் ஒட்டிக்கொண்டு வரும்; அடுத்தவர் கொட்டகைக்குப் போகாதீர்கள், யாரையும் உள்ளே விடாதீர்கள். "ஒண்ணு தீனி எடுக்காம படுத்தாக்கூட எனக்கு ஃபோன் பண்ணுங்க, மறைக்காதீங்க" என்றார்.

நான் அப்படியே செய்தேன். வாசலில் பிளீச்சிங் பவுடர் கரைத்த தொட்டி. ஓட்டலிலிருந்து வரும் மிச்சச் சோற்றை அண்டாவில் கொதிக்கவைக்காமல் ஒரு பிடி போட்டதில்லை. என் வீட்டுக்காரர் சிரித்தார்.

"இன்னாம்மே, பன்னிக்கி ஆஸ்பத்திரி நடத்திகினு கீறியா?"

"ஆமா, நடத்தறேன். மொதல்ல கால தொட்டில வெச்சிட்டு உள்ள வா."

காது கிழிந்தவள் அப்போது சினை. மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள் என்பது பன்றியின் கணக்கு. சுவரில் கரிக்கோடு போட்டு எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் காலையில், மூன்று கொட்டகை தள்ளி இருந்தவன் எங்கள் வாசலில் வந்து நின்றான். என்னைவிடச் சின்னவன், அக்கா அக்கா என்று பழகியவன்.

"யக்கா, விடிகாலைலேர்ந்து முக்கிகினே கீதுக்கா. தண்ணி ஒடஞ்சி ரொம்ப நேரமாச்சு. நீ வந்தாதான் உண்டு."

"நான் வரமாட்டேன்ப்பா. டாக்டரம்மா சொன்னத நீயும்தான கேட்ட? அவங்களுக்கு ஃபோன் போடு."

"போட்டுட்டேன்க்கா. வெளியூர்ல கீறாங்களாம்."

"உன் கொட்டாய்ல காச்சல் கீச்சல் எதுனா கீதா? உள்ளத சொல்லு."

"ஒண்ணியும் இல்லக்கா. என் புள்ள மேல சத்தியம்."

பிள்ளை மேல் சத்தியம் செய்கிறவனிடம் இன்னும் என்ன கேட்பது? போனேன்.

குட்டி குறுக்கேதான் கிடந்தது. திருப்பி இழுக்க ரொம்ப நேரம் பிடித்தது. அது செத்துத்தான் வந்தது, ஆனால் அதற்குப் பின்னால் எட்டு உயிரோடு வந்தன. அவன் மனைவி என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கோடியில் ஒரு தடுப்பு முழுக்கச் சாக்குத் திரை தொங்கியது. அங்கே என்ன என்று கேட்டேன். "கெடாக்கா. ஆளப் பாத்தா முட்டும்" என்றான். எனக்கு எங்கே போயிற்று புத்தி? ஆள் நடமாடும்போது கெடாப் பன்றி சும்மா இருக்குமா? ஒரு உறுமல் இல்லை, ஒரு சத்தம் இல்லை.

வந்ததும் துணியை வாசலிலேயே கழற்றி வெந்நீரில் போட்டேன். தலைக்குக் குளித்தேன். கையை எரிகிற வரைக்கும் தேய்த்தேன். எல்லாம் செய்தேன்.

எட்டாம் நாள் எங்கள் கொட்டகையில் ஒரு பன்றி தீனி எடுக்கவில்லை. அடுத்த நாள் மூன்று. காதும் அடிவயிறும் சிவந்து, ஒன்றின் மேல் ஒன்று ஏறிப் படுத்துக்கொண்டன. என் வீட்டுக்காரர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"வண்டிக்காரன்கிட்ட சொன்னா அல்லாத்தியும் ஏத்திகினு பூடுவான். கறிக்குப் பூடும். ஒருத்தனுக்கும் தெரியாது."

"அது போற எடத்துல இன்னொருத்தன் கொட்டாய் இல்லியா?" என்று கேட்டுவிட்டு டாக்டரம்மாவுக்கு ஃபோன் போட்டேன்.

நான்தான் போட்டேன். அந்த ஏழு குடும்பத்தில் அந்த எண்ணை அழுத்தியவள் நான் ஒருத்திதான்.

ரத்தம் எடுத்துக்கொண்டு போனார்கள். முடிவு வந்தது. எங்கள் கொட்டகை மட்டுமில்லை, சுற்றியிருந்த ஆறு கொட்டகைப் பன்றிகளையும் கொன்று புதைக்க வேண்டும் என்று உத்தரவும் வந்தது. பொக்லைன் வந்து ஏரிப்பக்கம் குழி தோண்டியது. எதிரே புதிதாக எழும்பிய அடுக்குமாடியிலிருந்து சிலர் பால்கனியில் நின்று செல்போனில் படம் எடுத்தார்கள். நாற்றம் நாற்றம் என்று மனு கொடுத்தவர்கள் மூக்கைக்கூட மூடாமல் நின்றார்கள்.

காது கிழிந்தவளுக்குக் காய்ச்சல் இல்லை. சுவரில் இன்னும் மூன்று கோடுதான் பாக்கி. மடியில் பால் இறங்கிவிட்டது. டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"மூணே நாள் குடுங்கம்மா. குட்டி போட்டுடட்டும். தனியா ஏரிக்கரைல கட்டி வெச்சிக்கிறேன். அப்பால இன்னா வேணா பண்ணுங்க."

"குட்டிக்கும் இருக்கும்மா. உங்களுக்குத் தெரியாததா?" என்றார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. கலங்கி என்ன பிரயோசனம்?

கூப்பிட்டதும் அது எழுந்து என் பின்னாலேயே நடந்து வந்தது. கொல்வதற்காகத் தார்ப்பாய் கட்டி மறைத்த இடம் வரைக்கும் நான்தான் அழைத்துக்கொண்டு போனேன். வேறு யார் கூப்பிட்டாலும் வந்திருக்காது.

அதோடு முடிந்ததா? மற்ற ஆறு குடும்பமும் குழிக்குப் பக்கத்தில் நிற்கும்போது, பிள்ளை மேல் சத்தியம் செய்தவன் கத்த ஆரம்பித்தான்.

"இவதான்யா கொண்டாந்தா! என் கொட்டாய்க்குள்ள கைய உட்டவ இவதான்! நீங்க அல்லாரும் பாத்தீங்கல்ல?"

பார்த்திருந்தார்கள். நான் அவன் கொட்டகைக்குள் போனதை எல்லாரும் பார்த்திருந்தார்கள். சாக்குத் திரையை யாரும் பார்க்கவில்லை. அதை அவன் எப்போதோ கழற்றிவிட்டான். நான் எவ்வளவு சொல்லியும் ஒருவர் காதிலும் ஏறவில்லை. முதலில் சொன்னவள் வீட்டில்தானே முதலில் வந்திருக்க வேண்டும் என்றார்கள். மறைத்தவன் யோக்கியன் ஆனான், ஃபோன் போட்ட நான் ஊரைக் கெடுத்தவள் ஆனேன்.

பத்து நாள் கழித்து அவன் மனைவி தனியாக வந்து அழுதாள். திரைக்குப் பின்னால் அன்றைக்கு இரண்டு பன்றிகள் காது சிவந்து கிடந்தனவாம். டாக்டரம்மாவுக்கு அவன் ஃபோனே போடவில்லையாம்.

"சொன்னா நீ வரமாட்டியேன்னுதான்க்கா சொல்லல."

"இத அன்னிக்கி அல்லாரு முன்னாடியும் சொல்லியிருக்கலாமே."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

இப்போது நான் காட்டுப்பாக்கத்தில் ஒரு அடுக்குமாடியில் படிக்கட்டு துடைக்கிறேன். என் வீட்டுக்காரர் சரக்கு வண்டி ஓட்டுகிறார். அவன் ஆவடிக்கு அந்தப் பக்கம் மாமனார் நிலத்தில் மறுபடியும் கொட்டகை போட்டுவிட்டான் என்று கேள்விப்பட்டேன். நன்றாக இருக்கட்டும்.

போன மாதம் ஒரு காலை, இரண்டாவது மாடியைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது அவனிடமிருந்து ஃபோன் வந்தது.

"யக்கா, பழச மனசுல வெச்சிக்காதக்கா. குட்டி குறுக்க மாட்டிகினுச்சு. இங்க யாருக்கும் கை போகல. வண்டி அனுப்பறேன்க்கா."

பின்னால் அது முக்குகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். எவ்வளவு நேரம் தாங்கும் என்றும் தெரியும்.

"எனக்கு வேலை கீது" என்று வைத்துவிட்டேன்.

காப்பாற்ற என்னிடம் இப்போது ஒரு பன்றிகூட இல்லை. எந்தக் கொட்டகைக்கும் எந்தச் செருப்போடும் போகலாம். போகவில்லை. மீதி இரண்டு மாடியையும் துடைத்து முடித்தேன். வயிற்றில் குட்டிகளோடு அது மத்தியானமே செத்துவிட்டதாம். அவன் மனைவிதான் ஃபோனில் சொன்னாள்.

அந்தப் பன்றி என்னிடம் எந்தப் பொய்ச் சத்தியமும் செய்யவில்லை. என் பதினோரு உயிரை அவன் தின்றான், சரி. ஒரு தாய் முக்கிக்கொண்டு கிடக்கிற சத்தத்தைக் கேட்டும் அசையாமல் நிற்கிற பொம்பளையாக என்னை ஆக்கிவிட்டானே, பாவி.